கழற்றி வைத்தால் கம்பெனிக்குத் தெரியாதாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கல் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். 30 வருடத்துக்கு மேல் மார்த்தாண்டத்தில் டீசல் பம்ப் கடை வைத்திருந்தவன். இப்போது கடையைத் தம்பி பார்க்கிறான், நான் வீட்டை ஒட்டிக் கிடக்கும் ரப்பரையும் நாலு மூடு வாழையையும் பார்க்கிறேன். புதுக் கார்களைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் என்னிடம் இரண்டு பதில் இருக்கிறது. என் அக்கா மகன் பட்ட பாட்டைக் கூடவே நின்று பார்த்தேன். அப்புறம், கம்பெனி வைத்த அளவுக்கு மேல் எஞ்சினுக்குத் தீனி ஏற்றிக் கொடுத்து நானே பல வருடம் சம்பாதித்திருக்கிறேன். அதனால் இதை யாரும் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். டர்போ வைத்த புதுக் கார்களுக்கு ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். இரண்டு தீப்பெட்டியை ஒட்டி வைத்த அளவுதான் இருக்கும். பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயில் இருக்கும் சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் சொருகியிருக்கும் முனையை, கழற்றி நடுவில் இதைச் சொருகிவிட்டால் முடிந்தது. வயர் வெட்ட வேண்டாம், கார் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டாம், பத்து நிமிட வேலை. மருமகன் வாங்கிய பெட்டியின் அட்டையில் 25 சதவீதம் வரை பவர் கூடும் என்று போட்டிருந்தது. டியூனிங் பாக்ஸ் என்கிறார்கள், பவர் பாக்ஸ் என்கிறார்கள், பையன்களுக்குள் 'பெட்டி' என்றாலே புரிந்துவிடும். தம்பி கடைக்கே வந்து, டீசல் வண்டிக்கு இது கிடைக்குமா, மாட்டித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. வாரண்டி என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைப் படித்து வைத்த மாதிரி சொல்கிறார்கள்: சர்வீஸுக்கு விடும் முன்னால் கழற்றி வைத்துவிட்டால் கம்பெனிக்குத் தெரியவே தெரியாது.

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், வாங்கிய பலருக்கே அது தெரியவில்லை. எஞ்சினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் காற்றாடிதான் டர்போ. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சின்ன டர்போ என்றால் இரண்டு லட்சம் சுற்று வரைக்கும் போய், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஒரு சென்சார் அளந்து, 5 வோல்ட்டுக்குள் ஒரு சிக்னலாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. சந்தையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைப்பார்களே, அந்த வித்தைதான், திசை மட்டும் வேறு. தட்டு குறைவாகக் காட்டுகிறதே என்று கம்ப்யூட்டர் இன்னும் இன்னும் காற்றை அள்ளிப் போடச் சொல்கிறது. எஞ்சின் இழுக்கிறது. ஆமாம், நன்றாகவே இழுக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, உட்கார்ந்து போய்ப் பார்த்தவன்.

ஆனால் கம்ப்யூட்டர் அப்படி ஒன்றும் ஏமாளி இல்லை. முன்பக்கம் புளி ஒட்டினாலும் புகைக் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். காற்று கணக்கைவிட அதிகம் வருகிறது, பெட்ரோல் போதவில்லை என்று அது சொன்னதும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி அதைச் சரிக்கட்டும். எவ்வளவு சரிக்கட்டினேன் என்பதையும் தன் நினைவில் எழுதி வைக்கும், ஃபியூவல் டிரிம் என்று அதற்குப் பெயர். எஞ்சின் பிளாக்கில் தட்டுகிற சத்தத்தைக் கேட்கும் நாக் சென்சார் ஒன்று இருக்கிறது, அது சொன்னால் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். நீங்கள் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்த பிறகும் இந்தத் திருத்தம் உடனே அழியாது, கொஞ்ச தூரம் ஓடினால்தான் பழைய நிலைக்கு வரும். பேட்டரி வயரைக் கழற்றி அழிக்கலாம் என்கிறார்கள். சரி, அழிக்கலாம். சர்வீஸுக்கு வந்த காரில் எல்லாக் கணக்கும் நேற்றுத்தான் பூஜ்யம் ஆகியிருக்கிறது என்றால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராதா?

எங்கள் காலத்தில் இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அப்போது லாரி, டெம்போ எல்லாவற்றிலும் மைக்கோ பம்ப்தான், இன்றைக்கு அதே கம்பெனிக்குப் பாஷ் என்று பெயர். பம்பில் அதிகபட்ச டீசலைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதில் கம்பி கோத்து ஈயத்தில் சீல் அடித்து அனுப்புவார்கள். ஜல்லி ஏற்றுகிற டிரைவர்கள் வந்து நிற்பார்கள், "அண்ணாச்சி, கொஞ்சம் கூட்டி வையுங்க, லோடோட ஏத்தத்துல நின்னு போகுது" என்று. நம் மாவட்டத்தில் ஏத்தம் இறக்கம் இல்லாத ரோடு எங்கே இருக்கிறது? சீலை உடைப்பேன், ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவேன், வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு ஏறிப் போகும். ஆறு மாதம் கழித்து ஹெட் கேஸ்கெட் போச்சு, பிஸ்டன் போச்சு என்று வேறு பட்டறையில் நிற்கும். எல்லா வண்டியும் அப்படி ஆகவில்லை, ஆனதும் உண்டு. ஆனால் அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அந்த வண்டிகளுக்கு வாரண்டி முடிந்து பல வருடம் ஆகியிருக்கும், உடைந்த சீல் பம்பிலேயே தொங்கும், முதலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்குச் சீல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை, அதனால் சீலே இல்லை என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மருமகன் கதைக்கு வருகிறேன். டர்போ பெட்ரோல் கார், இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். எந்தக் கம்பெனி, எந்த ஷோரூம் என்று சொல்லப் போவதில்லை, சண்டை போடுவதற்கு இந்தக் கடிதம் எழுதவில்லை. வாங்கிய 11-வது மாதம் 24 ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டி வாங்கி மாட்டிவிட்டான். என்னிடம் காட்டும்போது, "வேண்டாம் மக்களே, வாரண்டி முடியட்டும்" என்றேன். "மாமா, நீங்க பழைய பம்ப் கணக்குலயே இருக்கீங்க, இது பிளக் அண்ட் பிளே" என்றான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், அதட்டிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மூன்று மாதம் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிக்குப் போனோம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றில் கார் ஆடிக்கொண்டு போனது, காவல்கிணறில் நாலுவழிச் சாலை ஏறியதும் அவன் காலை அழுத்தினான். நாங்குநேரி வரும் முன்னால் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது, கார் முக்கிக்கொண்டு மாட்டு வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எஞ்சின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், லிம்ப் மோடு என்பார்கள். ரோட்டோரம் நிறுத்தி அவன் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா, பெட்டியைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்தது. அப்புறம்தான் டோயிங் வண்டிக்குப் போன் போட்டான்.

சர்வீஸ் சென்டரில் சின்ன வயது அட்வைசர், மரியாதையான பையன். ஸ்கேனரை மாட்டினான், பி0299 என்று வந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத்தத்தைக் கூட்டத்தான் பெட்டி வாங்கினான், பெட்டி குறைத்துக் குறைத்துச் சொல்லி, டர்போவும் தன்னால் முடிந்த மட்டும் சுற்றி, கடைசியில் கேட்ட அளவு வரவே இல்லை என்று கம்ப்யூட்டர் புகார் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் புகாரோடு, அது எழுதிய நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்., கார் என்ன வேகம், எவ்வளவு லோடு, தண்ணீர் என்ன சூடு என்பதும் படம் பிடித்த மாதிரி சேமிப்பில் இருந்தது. ஃபிரீஸ் ஃபிரேம் என்று அதற்குப் பெயர். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைத் தனியாகப் பார்த்தார்கள், கிளட்ச் எத்தனை முறை அளவுக்கு மேல் சூடானது என்ற கணக்கும் அங்கே இருந்தது. இதெல்லாம் போகட்டும். அந்தப் பையன் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, சென்சார் வயரைக் காட்டி, "சார், இந்தக் கேபிள் டை எங்க கம்பெனி போடறது இல்லையே" என்றான். மருமகன் பெட்டியைக் கழற்றினானே தவிர அதைக் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் டையை மறந்துவிட்டான்.

கிளட்ச் தேய்ந்து நழுவுகிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். எஸ்டிமேட் 1 லட்சத்து 18 ஆயிரம். வாரண்டி கிடையாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் போனதற்குப் பெட்டிதான் காரணமா? எனக்குத் தெரியாது, உறுதியாகச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை. எண்ணெயில் முங்காத டிரை கிளட்ச் அது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தாலே சூடேறும். அவன் தினமும் மார்த்தாண்டம் வழியாக வேலைக்குப் போகிறவன். மேம்பாலம் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் பாலத்துக்குக் கீழே காலை ஒன்பது மணிக்கு என்ன நிலவரம் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டியே இல்லாமல் போயிருந்தாலும் அந்தக் கிளட்ச் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் வாரண்டியில் கேட்டு வாதாட அவனுக்கு ஒரு வழி இருந்திருக்கும். அந்த வழியை 24 ஆயிரம் கொடுத்து அவனே அடைத்துவிட்டான்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, கெட்டுப்போனதற்கு நம் பொருள்தான் காரணம் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்று பையன்கள் சொல்கிறார்கள். அங்கே அதற்கு 1975-ல் போட்ட மேக்னசன்-மாஸ் என்ற வாரண்டிச் சட்டம் இருக்கிறது. அது அந்த ஊர்ச் சட்டம். நம் கையில் இருப்பது காரோடு கொடுக்கும் வாரண்டிப் புத்தகம், அதில் அனுமதி இல்லாத மாற்றம் செய்தால் வாரண்டி இல்லை என்று இருக்கும். அதை எதிர்த்துக் கேட்க வேண்டும் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. போகலாம். ஆனால் கேபிள் டையை மறந்துவிட்டுப் போய் நின்றால் எந்த முகத்தோடு பேசுவது?

கம்பெனி பக்கமும் எனக்குக் கோபம் உண்டு. காரின் நடுவில் இருக்கும் திரை வாங்கிய முதல் மாதத்தில் இருந்தே திடீர் திடீரென்று அணைந்து போகும், ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தான். பெட்டி விவரம் தெரிந்ததும் அதற்கும் சேர்த்து வாரண்டி ரத்து என்று சொல்லிவிட்டார்கள். டர்போ அழுத்தத்துக்கும் பாட்டுப் போடுகிற திரைக்கும் என்ன சம்பந்தம்? "அப்படியே எழுத்தில் கொடுங்க, காரணத்தோட" என்று நான் நின்றேன். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு, திரையை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று போன் வந்தது. எழுத்தில் கேட்டிருக்காவிட்டால் அதுவும் போயிருக்கும். வாசகர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள், மறுப்பு எதுவானாலும் வாய்வார்த்தையில் வாங்காதீர்கள்.

சிலர் 25 சதவீதம்தானே, எஞ்சின் தாங்கும் என்கிறார்கள். எஞ்சின் தாங்கலாம். பின்னால் இருக்கிறதும் தாங்க வேண்டுமே. ஒரு உதாரணம், மருமகன் கார் இது இல்லை: ஃபோக்ஸ்வேகன் 1.5 டி.எஸ்.ஐ. எஞ்சினின் இழுவிசை 250 நியூட்டன் மீட்டர். அதோடு இங்கே வரும் 7 கியர் டி.எஸ்.ஜி. டிரை கிளட்ச் கியர்பாக்ஸ், டி.கியூ.200 என்பது, அதிகபட்சம் 250 நியூட்டன் மீட்டருக்கு என்று வடிவமைத்தது. கம்பெனியே விளிம்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதன் மேல் 25 சதவீதம் என்றால் 312. இந்தக் கணக்கைப் பெட்டி விற்கிறவர் போட்டுக் காட்டியதை நான் பார்த்ததில்லை. சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. குறைந்த ஆர்.பி.எம்.மில் பெரிய கியரில் போட்டு அழுத்தினால், ஸ்பார்க் வரும் முன்னாலேயே உள்ளே தீப்பற்றிப் பிஸ்டனை உடைக்கலாம். அழுத்தம் கூடக் கூட அந்த ஆபத்து கூடும்.

டீசல்காரர்களுக்கு, என் சொந்தத் தொழில் என்பதால் ஒரு வார்த்தை கூடச் சொல்கிறேன். இப்போதைய டீசல் எஞ்சினில் டீசலை அமுக்கி வைத்து எல்லா சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு பொதுக் குழாய் உண்டு, காமன் ரெயில் என்று அதற்குப் பெயர். பெட்டி பெரும்பாலும் அந்த ரெயில் அழுத்தத்தின் மேல்தான் கை வைக்கும். அது ஏற்கெனவே 1600, 2000 பார் என்று ஓடிக்கொண்டிருப்பது. நாங்கள் கண்ட பழைய நாசில், டீசலைத் தூவும் மூக்கு, திறந்தது 200 பார் அளவில்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு டீசல் கார்களின் புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வேறு இருக்கிறது. டீசல் கூடினால் கரி கூடும், கரி கூடினால் அதை எரித்துச் சுத்தம் செய்ய வண்டி அடிக்கடி கூடுதல் டீசல் அடிக்கும், அந்த டீசலில் ஒரு பங்கு எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். தக்கலைக்கும் குழித்துறைக்கும் ஓடுகிற குட்டி ஓட்டத்தில் ஃபில்டர் முழுதாகச் சுத்தமாவதே கஷ்டம், இதில் பெட்டி வேறா? குளச்சல், முட்டம் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: கம்பெனி போட்ட கப்ளரே உப்புக்காற்றில் களிம்பு பிடிக்கும், அடிக்கடி கழற்றி மாட்டினால் ரப்பர் சீல் தளர்ந்து பின்கள் பச்சையாகிவிடும். அப்புறம் பெட்டி இல்லாமலும் எஞ்சின் விளக்கு எரியும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், விரிவாக வேண்டாம். ஆர்.சி. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், குதிரைத்திறன் எவ்வளவு என்று அச்சடித்திருக்கும். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. அதே வருடம் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியைத் தேடி யாரும் ரோட்டில் வண்டியை மறிக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் பெரிய விபத்து என்று வந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது, அவர்களிடம் சொல்லாமல் மாட்டிய பொருள் உள்ளே இருந்தால் அங்கே நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேகம் பிடிக்கும் வயதில் பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆசை இருந்தால் வாரண்டி முடியட்டும், அப்புறம் உங்கள் கார், உங்கள் கிளட்ச், உங்கள் பணம். அப்போதும் பெட்டியைவிட, விவரம் தெரிந்தவரிடம் போய், ஓடவிட்டு அளந்து பார்த்து, அந்தக் காருக்கென்றே கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி எழுதித் தரச் சொல்வது எவ்வளவோ மேல். அதில் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்ல வேண்டியது இல்லை. ஆனால் அதுவும் வாரண்டிக்குள் செய்கிற வேலை இல்லை, எழுதிய தடம் அதிலும் நிற்கும். அதுவரைக்கும் டயரில் காற்று சரியாக இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மருமகன் காரில் அன்றைக்கு இரண்டு டயரில் காற்றே குறைவு, அதை யாரும் பார்க்கவில்லை.

ஷோரூம்காரர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சாவி கொடுக்கும்போது மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுக்கிறீர்கள். அதோடு அரைப் பக்கம் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள்: எதை மாட்டினால் எந்தப் பாகத்துக்கு வாரண்டி போகும், எந்தப் பாகத்துக்குப் போகாது என்று. ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும் புத்தகத்தை டேஷ்போர்டில் போட்டுவிட்டு, பிறகு 42-வது பக்கத்தைப் படிக்கவில்லையா என்று கேட்பது நியாயம் இல்லை. மறுக்கிறபோதும் காரணத்தோடு, தொடர்புள்ள பாகத்துக்கு மட்டும் மறுங்கள். திரைக்கு நாங்கள் பட்ட பாடு இன்னொருவர் பட வேண்டாம்.

கிளட்ச் மாற்றியாகிவிட்டது, பாதிப் பணம் அக்காவின் சீட்டுப் பணம். பெட்டி இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. விற்கலாம் என்று அவன் நண்பர்களிடம் சொல்லி வைத்தான், இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். பவர் எவ்வளவு கூடும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சர்வீஸில் மாட்டிக்கொள்ள மாட்டோமே என்றுதான் இரண்டு பேரும் முதலில் கேட்டார்கள். மருமகன் அந்தக் கேபிள் டையை எடுத்துக் காட்டினான். பெட்டி இன்னும் விற்கவில்லை.

இப்படிக்கு,
பழைய பம்ப் மெக்கானிக்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.